மேரி சம்னர் அம்மையாரின் இல்லறப் பணி

ஒரு வீட்டிலே முதற்குழந்தை பிறக்கின்றது. உற்றாரும் அயலாரும் வந்து பார்த்து வாழ்த்திச் செல்கின்றனர். 31ஆம் நாள் துடக்குக் கழிகின்றது, பெயர் சூட்டப்படுகின்றது, வந்தவர்கள் தத்தம் வீடு திரும்புகின்றனர். அன்றிரவு குழந்தை வீரிட்டு அழுகின்றது. அதனைத் தோளிலே சாய்த்துக்கொண்டு விளக்கடியில் நடக்கும் இளந்தாயின் உள்ளத்திலே ஒரு கேள்வி எழுகின்றது. இவ்வுயிரை வளர்த்து நல்ல மனிதனாக ஆக்கும் பொறுப்பு என்னுடையதாயிற்றே. இதனை எனக்குக் கற்றுத்தந்தவர் யார்? தச்சனுக்குப் பயிற்சி உண்டு. வைத்தியனுக்குப் பயிற்சி உண்டு. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் ஆசிரியருக்கும் பயிற்சிக் கலாசாலை உண்டு. தாய்க்கு மாத்திரம் அத்தகைய கலாசாலை எங்கே?

இக்கேள்வியைத் தம் வாழ்நாளின் பெரும்பகுதிக்கு உரிய பணியாக எடுத்துக்கொண்ட அம்மையார் ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன். அவர் பெயர் மேரி சம்னர். அவர் தொடக்கிய 'மதர்ஸ் யூனியன்' என்னும் தாய்மார் சங்கம் இன்று 80க்கும் மேற்பட்ட நாடுகளிலே பரந்து கிடக்கின்றது. இலங்கைத் திருச்சபையிலும் அதன் கிளைகள் உண்டு. ஆதலின் சங்கத்தின் பெயரை நம்மிற் பலர் கேட்டிருப்பர். எனினும், அது எவ்வாறு பிறந்தது, எதனை நோக்கி நடந்தது, எங்கே இடறிற்று என்பவற்றை அறிந்தோர் சிலரே.

மேரி அம்மையார் 1828ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31ஆந் திகதி, இங்கிலாந்தின் மன்செஸ்ரர் நகருக்கு அண்மையிலுள்ள சுவின்ரன் என்னும் ஊரிலே பிறந்தார். தந்தையார் தோமஸ் ஹேவூட் வங்கி நடத்திய செல்வர். பழஞ்சரித்திரங்களை ஆராய்வதிலும் ஈடுபாடு மிக்கவர். 1832இல் அக்குடும்பம் ஹெரிபோர்ட்ஷயர்ப் பகுதியிலுள்ள 'ஹோப் எண்ட்' என்னும் மாளிகையை வாங்கி அங்கே குடியேறிற்று. ஆங்கிலப் பெண்கவி எலிசபெத் பரெற் பிரௌணிங் தம் இளமையைக் கழித்த மாளிகை அதுவே. மேரி வீட்டிலிருந்தவாறே பல மொழிகளைக் கற்றார். இனிய குரல் வாய்த்தவராதலின், இசைப் பயிற்சியை நிறைவு செய்ய இத்தாலி நாட்டின் உரோமாபுரிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அங்கே ஜோர்ஜ் சம்னர் என்னும் இளைஞரைச் சந்தித்தார். ஜோர்ஜின் தந்தையார் வின்செஸ்ரர் அத்தியட்சர். பெரிய தந்தையாரோ கன்ரபெரிப் பேரத்தியட்சர். 1848ஆம் ஆண்டு மேரிக்கும் ஜோர்ஜுக்கும் திருமணம் நிகழ்ந்தது. மணமகளுக்கு அப்போது வயது 19.

1851இல் ஜோர்ஜ் சம்னர், ஹாம்ஷயர்ப் பகுதியிலுள்ள பழைய ஆல்ஸ்போர்ட் என்னும் சிற்றூருக்குப் பங்குக் குருவாக நியமனம் பெற்றார். மேரி அம்மையார் 30 ஆண்டுகளுக்கும் மேலாக அவ்வூர்க் குருமனையிலே வாழ்ந்தார். மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். கணவரின் பணிக்குத் துணையாக இசை பயிற்றினார். வேதாகம வகுப்புக்களை நடத்தினார். அக்காலத்து ஆங்கிலக் குருமார் பலரின் மனைவியர் செய்த பணிகளே இவை. அவர் 50 வயதை அணுகும் வரையில், உலகம் நினைவிற் கொள்ளத்தக்க செயல் எதனையும் செய்தாரல்லர். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னர் பிறருக்குச் சொல்ல அவரிடம் ஏதேனும் இருந்ததாயின், அது இந்த அமைதியான ஆண்டுகளிலே பிள்ளை வளர்த்துப் பெற்ற அனுபவமேயாகும்.

அந்நாளைய இங்கிலாந்தின் நிலையையும் சிறிது நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1870களில் அந்நாட்டிலே உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறக்குறைய 150 குழந்தைகள் தம் முதலாண்டு நிறையுமுன்னரே இறந்தன. மணமான பெண் தன் உடைமையைத் தன் பெயரில் வைத்து ஆளும் முழு உரிமையைத் தந்த சட்டம் 1882இலேயே வந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளைகளைச் செவிலியரும் வேதனம் பெறும் ஆசிரியையரும் வளர்த்தனர். மாலையிலே ஒரு நாழிகை தாயின் முன் கொண்டுவந்து நிறுத்தப்படுவதே பல பிள்ளைகள் கண்ட தாயன்பு. ஏழைத் தாயோ வயலிலும் பிறர் வீட்டிலும் உழைத்துக் களைத்து வந்து, எஞ்சிய வலிமையைக் கொண்டு பிள்ளைகளைப் பார்த்தாள். ஒருத்திக்கு நேரம் இருந்தது, பழக்கம் இல்லை. மற்றவளுக்குப் பழக்கம் இருந்தது, நேரம் இல்லை. இருவருக்கும் வழிகாட்ட ஒருவரும் இலர்.

1876ஆம் ஆண்டு அம்மையாரின் மூத்த மகள் மார்கிரெற் ஒரு குழந்தைக்குத் தாயானார். பேரக்குழந்தையின் பிறப்பு, பாட்டியாரின் உள்ளத்திலே பழைய நினைவொன்றைக் கிளறிற்று. முன்னொரு நாள் தம் முதற்குழந்தையைக் கையில் ஏந்தியபோது, ஓர் ஆன்மா தம்மிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றதே, அதனைப் பேணும் தகுதி தமக்கு உண்டோ என்று அவர் அஞ்சியிருந்தார். அதே அச்சத்தை மகளும் தனியே சுமக்க வேண்டுமா? மகள் மாத்திரமன்றி, ஊரிலுள்ள இளந்தாய்மார் அனைவரும் தனித்தனியே சுமக்க வேண்டுமா? இவ்வாறு எண்ணிய அம்மையார், ஊரிலுள்ள தாய்மாரைக் குருமனைக்கு வருமாறு அழைத்தார். சீமாட்டியர் வந்தனர், கமத்தொழிலாளரின் மனைவியரும் வந்தனர். ஒரே ஊரில் வாழ்ந்தும் ஒரே அறையில் அமர்ந்தறியாத பெண்கள் அன்று அருகருகே அமர்ந்தனர்.

அடுத்து நிகழ்ந்ததைக் கேட்டால் வியப்படைவீர்கள். பேச எழுந்த மேரி அம்மையாருக்கு வாயெழவில்லை. கூச்சம் அவரைக் கவ்விக்கொண்டது. எழுதி வைத்திருந்தவற்றைச் சொல்ல இயலாதவராய், அடுத்த கிழமை மீண்டும் வாருங்கள் என்று மாத்திரம் வேண்டி, வந்தவர்களை அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையிற் பேசிய அம்மையாரின் முதற்கூட்டம் இவ்வாறு முடிந்தது. ஆயினும் அவர் சொன்ன சொல்லைக் காத்தார். அடுத்த கிழமை தாய்மார் மீண்டும் வந்தனர், அவரும் பேசினார்.

அவர் பேசியதன் சாரம் இது: தாய்மை ஓர் உயர்ந்த தொழில், ஏனைய தொழில்களைப் போலவே அதற்கும் கல்வியும் ஆயத்தமும் வேண்டும். அன்பு இருந்தாற் போதும், பிள்ளை தானே வளர்ந்துவிடும் என்று எண்ணுதல் தவறு. அன்பு வழியைத் தேடும். வழியை அறிய வேறொருவர் துணை வேண்டும். அத்துணை மேடையிலிருந்து போதிப்பவரிடமிருந்து வருவதிலும், அதே வழியிலே தானும் நடந்து இடறி எழுந்த இன்னொரு தாயிடமிருந்து வருவதே நன்று.

இக்கருத்தை நடைமுறைப்படுத்த அவர் கைக்கொண்ட கருவி மிக எளியது. அஃது ஓர் அட்டை. சங்கத்திற் சேரும் ஒவ்வொரு தாய்க்கும் அவ்வட்டை வழங்கப்பட்டது. பிள்ளைகள் இறைவனுக்கு ஒப்படைக்கப்பட்டவர்கள் என்பதை நினைவூட்டியபின், அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய விதிகளை அது சொல்லிற்று. வீட்டிலே கடுஞ்சொல்லும் இழிந்த பேச்சும் கூடா. மென்மையாகப் பேச வேண்டும். மருத்துவர் பணித்தாலன்றிப் பிள்ளைகளுக்கு மதுவகை கொடுக்கலாகாது. சிறுவரை மதுச்சாலைக்கு அனுப்பலாகாது. நாள்தோறும் பிள்ளைகளுடன் பிரார்த்தனை செய்ய வேண்டும். இன்று இவை சிறிய விடயங்களாகத் தோன்றலாம். ஆனால், தகப்பனாருக்கு மது வாங்கி வரச் சிறுபிள்ளையை அனுப்பும் வழக்கம் ஊரெங்கும் இருந்த காலத்திலே, அதை மறுத்து நிற்பதற்கு ஒரு தாய்க்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும்! தனியொருத்தியாக மறுத்தவள் பிடிவாதக்காரி எனப்பட்டிருப்பாள். அட்டையைக் கையில் வைத்திருந்தவளோ, ஊரிலுள்ள தாய்மார் எல்லாரும் இவ்வாறே உறுதி செய்திருக்கின்றோம் என்று சொல்ல முடிந்தது.

இந்த விதிகளிற் பெரும்பாலானவை பிள்ளையைப் பற்றியன அல்ல என்பதையும் கவனித்தல் வேண்டும். அவை தாயைப் பற்றியன. பிள்ளை உண்மை பேச வேண்டுமாயின், முதலில் தாய் உண்மை பேச வேண்டும். பிள்ளை சினம் அடக்க வேண்டுமாயின், தாய் தன் சினத்தை அடக்கிக் காட்ட வேண்டும். சொல்வதைப் பிள்ளை மறந்துவிடும், கண்டதை மறக்காது. குடும்ப ஆலோசனை என்று இன்று நாம் வழங்கும் துறை, பிள்ளையின் குழப்படிக்குக் காரணத்தைப் பிள்ளையிடம் மாத்திரம் தேடாமல் வீடு முழுவதிலும் தேடுகின்றது. அப்பெயர் வழங்குவதற்கு முன்னரே, அம்மையார் அதே திசையில் நடந்திருக்கின்றார்.

ஒன்பது ஆண்டுகள் இப்பணி ஓர் ஊரின் எல்லைக்குள்ளேயே நின்றது. 1885இல் போர்ட்ஸ்மவுத் நகரிலே திருச்சபைப் பேரவை கூடிற்று. அங்கே பெண்களுக்கெனக் கூட்டப்பட்ட கூட்டமொன்றிற் பேசும் பொறுப்பு நியூகாசில் அத்தியட்சர் ஏர்னஸ்ற் வில்பர்போர்ஸ் என்பாருக்கு அளிக்கப்பட்டிருந்தது. பெண்களுக்குச் சொல்லத்தக்கது தம்மிடம் அதிகமில்லை என்று உணர்ந்த அவர், அவையிலிருந்த மேரி சம்னர் அம்மையாரைப் பேசும்படி கேட்டுக்கொண்டார். அத்தகைய பேரவைகளிலே பெண்கள் பேசுதல் அரிதான காலம் அது. அன்று பழைய ஆல்ஸ்போர்ட்டிலே வாயடைத்து நின்றவர், இப்போது 56 வயதிலே, ஆயத்தம் ஏதுமின்றி எழுந்து, ஒரு தேசத்தின் ஒழுக்கம் அதன் வீடுகளிலேயே உருவாகின்றது என்று பேசினார். கேட்ட பெண்கள் தத்தம் ஊர்களுக்குச் சென்று கிளைகளை அமைக்க முற்பட்டனர். வின்செஸ்ரர் அத்தியட்சர் ஹரல்ட் பிரௌண் தம் அத்தியட்சாதீனம் முழுவதற்கும் உரிய அமைப்பாக அச்சங்கத்தை ஏற்றுக்கொண்டார்.

அதன் பின்னர் வளர்ச்சி விரைந்தது. 1892இல் 28 அத்தியட்சாதீனங்களிலே 60,000 பேர் அங்கத்தவராக இருந்தனர். 1900இல் அத்தொகை 169,000 ஆயிற்று. 1888இல் உழைக்கும் தாய்மாருக்கென எளிய நடையிலே ஒரு சஞ்சிகையும், 1891இல் கற்ற தாய்மாருக்கென மற்றொரு சஞ்சிகையும் தொடங்கப்பெற்றன. இரண்டாவதற்கு ஆசிரியராக அமைந்தவர் புகழ்பெற்ற நாவலாசிரியை சார்லற் யங் அம்மையார். 1896இல் மத்திய சபை அமைக்கப்பட்டு மேரி அம்மையார் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். 1897இல் விக்ரோரியா மகாராணியார் சங்கத்தின் காப்பாளராகும் சம்மதத்தை வழங்கினார். அம்மையார் 80 வயது வரையில் அத்தலைமைப் பொறுப்பை வகித்தார். 1909ஆம் ஆண்டின் இறுதியில், 61 ஆண்டுகள் தம்முடன் இல்லறம் நடத்திய கணவரை இழந்தார்.

நேயர்களே, இதுவரை சொன்னவை யாவும் புகழுக்குரியவை. ஆனால், ஒரு வாழ்க்கையை உள்ளவாறு அறிய விரும்புவோர் அதன் சிக்கலான பக்கத்தையும் பார்த்தல் வேண்டும்.

சங்கத்துக்கென வகுக்கப்பட்ட நோக்கங்கள் மூன்று. திருமணத்தின் புனிதத்தைக் காத்தல் ஒன்று; எல்லா நிலைத் தாய்மாரிடத்தும் தம் பொறுப்பை உணரச் செய்தல் இரண்டு; பிரார்த்தனையாலும் முன்மாதிரியாலும் குடும்பங்களை நல்வழியில் நடத்தும் தாய்மாரை ஊர்தோறும் ஒன்றுசேர்த்தல் மூன்று. முதலாம் நோக்கத்தின் பேரால், விவாகரத்துச் சட்டத்தைத் தளர்த்தும் முயற்சிகளைச் சங்கம் உறுதியாக எதிர்த்தது. விவாகரத்துப் பெற்ற பெண் சங்கத்திலே அங்கத்தவராக இருத்தல் இயலாது என்பதும் விதியாயிற்று.

அக்காலச் சட்டம் எத்தகையது? 1857இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மனைவியின் பிறழ்வு ஒன்றையே காட்டிக் கணவன் விவாகரத்துப் பெறலாம். மனைவியோ, கணவனின் பிறழ்வோடு அவனது கொடுமையையோ, தன்னைக் கைவிட்டமையையோ, அவை போன்ற வேறொரு குற்றத்தையோ சேர்த்து நிரூபித்தல் வேண்டும். வழக்கோ இலண்டன் மாநகரிலே நடக்கும். செலவோ ஏழையால் எண்ணிப் பார்க்கவும் இயலாதது. 1909இல் இச்சட்டத்தை ஆராய அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டது. அதன் முன்னே இருவகைப் பெண்கள் அமைப்புக்கள் சாட்சியம் அளித்தன. தாய்மார் சங்கம் விவாகரத்தை எளிதாக்கலாகாது என்றது. திருமணம் உறுதியிழந்தால் முதலில் நிலைகுலைபவர் பெண்ணும் பிள்ளைகளுமே என்பது அதன் அச்சம். பெண்கள் கூட்டுறவுக் கழகம் என்னும் உழைக்கும் பெண்களின் அமைப்போ, அடியும் அவமதிப்பும் பட்ட மனைவியரின் துன்பங்களை எடுத்துக்காட்டி, சட்டம் தளர வேண்டும் என்றது.

இவ்விரு கூற்றுக்களிலும் உண்மை உண்டு. முதலாவது, நிலைத்த வீட்டின் பெறுமதியை அறிந்தவர்களின் கூற்று. இரண்டாவது, நிலைத்திருந்தும் சிறையாகிவிட்ட வீட்டை அறிந்தவர்களின் கூற்று. மேரி அம்மையார் அன்பான கணவரோடு 61 ஆண்டுகள் வாழ்ந்தவர். தாம் கண்டறிந்த நல்லில்லறத்தையே எல்லார்க்கும் உரிய அளவுகோலாகக் கொண்டமை இயல்பு. ஆனால், தாய்மார் எவரும் தம் சுமையைத் தனியே சுமக்கலாகாது என்று தொடங்கிய சங்கம், யாருடைய சுமை மிகக் கனத்ததோ அவளுக்கே கதவைச் சாத்திவிட்டது. வீடு உடைந்த பெண்ணுக்கு அயலிலுள்ள தாய்மாரின் துணை மற்றெல்லாரிலும் அதிகமாக வேண்டியிருந்தது. அவளுக்கே அது மறுக்கப்பட்டது.

இப்பிணக்கு அம்மையாரின் காலத்திலே தீரவில்லை. அவர் 1921ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 11ஆந் திகதி, தம் 92ஆவது வயதிலே வின்செஸ்ரர் நகரிற் காலமானார். அந்நகரத்துப் பேராலய வளவிலே கணவரின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1923இல் விவாகரத்துச் சட்டத்திலே கணவனும் மனைவியும் சமமாக்கப்பட்டனர். 1937இல் கொடுமையும் கைவிடுதலும் தனித்தனியே போதிய காரணங்களாக ஏற்கப்பட்டன. சங்கத்தின் விதியோ பின்னரும் பல ஆண்டுகள் மாறாதிருந்தது. நெடுநாள் விவாதத்தின் பின்னர், 1970களிலேயே சங்கம் தன் யாப்பைத் திருத்தி, விவாகரத்துப் பெற்றவர்களுக்கும் கதவைத் திறந்தது. திருமணத்தை மதித்தலை அது கைவிடவில்லை; திருமணம் முறிந்தவரை மதித்தலையும் அதனோடு சேர்த்துக்கொண்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்று தெளிய, அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் சென்றன.

இன்று அச்சங்கத்திலே 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர் உளர். அவர்களிற் பெரும்பாலோர் இங்கிலாந்தில் அல்லர். ஆபிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் வாழ்கின்றனர். 2000ஆம் ஆண்டளவில் புருண்டி, மலாவி, சூடான் ஆகிய நாடுகளிலே எழுத்தறிவு இயக்கமொன்றை அது தொடங்கிற்று. பிரித்தானியாவிலே சிறைப்பட்டவரைக் காண வரும் மனைவி மக்களுக்கு அது உதவுகின்றது. பிள்ளை வளர்ப்புப் பற்றிப் பெற்றோர் கூடிப் பேசும் குழுக்களையும் நடத்துகின்றது. அக்குழுக்களை வழிநடத்துவோர் பெரும்பட்டம் பெற்ற நிபுணர் அல்லர். பயிற்சி பெற்ற பெற்றோரே. குருமனை அறையிலே 1876இல் கண்ட காட்சியே அங்கு மீண்டும் நிகழ்கின்றது. இங்கிலாந்துத் திருச்சபை ஆண்டுதோறும் ஓகஸ்ற் 9ஆந் திகதியை மேரி சம்னர் அம்மையாரின் நினைவு நாளாகக் கொள்கின்றது.

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நாம் சைவராயினும் கிறிஸ்தவராயினும் இஸ்லாமியராயினும், எல்லார் வீட்டிலும் பிள்ளைகள் வளர்கின்றனர். முன்னாளிலே கூட்டுக் குடும்பம் இருந்தது. இளந்தாய்க்கு அம்மம்மா இருந்தார், பெரியம்மா இருந்தார், வேலிக்கு அப்பாலிருந்து குரல் கொடுக்கும் அயல்வீட்டு ஆச்சி இருந்தார். இடப்பெயர்வாலும் தொழிலாலும் நம் குடும்பங்கள் சிதறி, ஊர்விட்டு ஊரும் நாடுவிட்டு நாடும் சென்றுவிட்டன. நகரத்து மாடிவீட்டிலே தனித்திருக்கும் தாய்க்கு இன்று அந்தக் குரல் கேட்பதில்லை. அவளைத் தேடிச்சென்று, "எனக்கும் இப்படித்தான் இருந்தது, பிள்ளை" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவ்வாறு சொல்வதற்குப் பேச்சு வன்மை வேண்டியதில்லை. முதல் நாளிலே வாயெழாது நின்ற மேரி அம்மையாரே அதற்குச் சான்று.

கணவனை இழந்தவள், கணவனாற் கைவிடப்பட்டவள், மணமுறிந்தவள் என்று நாம் ஒதுக்கிவைக்கும் தாய்மாரும் நம் ஊர்களில் உளர். அவர்களும் பிள்ளை வளர்க்கின்றனர். இருவர் சுமையை ஒருவராய்ச் சுமந்து வளர்க்கின்றனர். அவர்களுக்குக் கதவைத் திறக்க ஒரு பெருஞ்சங்கத்துக்கு நூறாண்டு வேண்டியிருந்தது. நம் வீட்டுக் கதவைத் திறக்க நமக்கு அத்துணைக் காலம் வேண்டியதில்லை.